கடல் காத்தவர்கள் (9): காஸி காத்திருந்த இடத்தில் விக்ராந்த் இல்லை

1971. போர் மூளப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நேரம். விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக் கடற்படைப் பொறுப்பதிகாரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் கிழக்குக் கடற்படைத் தலைமைத் தளபதி. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் சென்னைக்கு வருகிறது, துறைமுகத்தில் அதைக் கரையோடு அணைத்துக் கட்ட இடம் வேண்டும், துறைமுக நிர்வாகத்திடம் உடனே பேசுங்கள், உணவுப் பொருள்களுக்கும் ஏற்பாடு செய்யுங்கள் என்றார் அவர். சென்னை அதிகாரி திகைத்துப்போனார். போர் வாசலில் நிற்கும்போது நாட்டின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டிவைக்க யாராவது நினைப்பார்களா? பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

விக்ராந்த் அப்போது சென்னைக்கு அருகில் எங்குமே இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தமான் தீவுகளின் வடகோடியில், போர்ட் கார்ன்வாலிஸ் என்ற ஆளரவமற்ற குடாவில் நங்கூரமிட்டு நின்றது. அழைத்த தளபதிக்கு அது நன்றாகத் தெரியும். அவர்தான் அதை அங்கே அனுப்பிவைத்தவர்.

சென்ற அத்தியாயத்தில், அரபிக்கடலில் குக்ரி போர்க்கப்பலோடு மூழ்கிய கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் கதையைப் பார்த்தோம். இந்த அத்தியாயமும் அதே போரைப் பற்றியதுதான், ஆனால் கடல் வேறு. நாயகர், சென்னைக்கு அழைத்த அந்தத் தளபதிதான். நம் நாகர்கோவிலில் பிறந்தவர், வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்.

1919 ஜூன் 8ஆம் தேதி அவர் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் உலகமாக இருந்த கடற்படைக்குள் இந்திய இளைஞர்கள் ஒருவர் இருவராக நுழைந்துகொண்டிருந்த காலம் அது. பம்பாயில் நின்ற டஃப்ரின் பயிற்சிக் கப்பல்தான் அவர்களில் பலருக்கு முதல் படிக்கட்டு. பின்னாளில் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவரான ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர், டஃப்ரினின் முதல் அணி மாணவர். கிருஷ்ணனும் அந்தக் கப்பலில் படித்தவர்தான். இரண்டாம் உலகப்போரில், 1941ல், பாரசீக வளைகுடாவில் நடந்த நடவடிக்கைகளில் காட்டிய துணிவுக்காக அவருக்கு டி.எஸ்.சி. பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

அடுத்த முப்பது ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். ஒன்றிரண்டு மட்டும் நினைவில் இருக்கட்டும். 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியரிடமிருந்து கோவாவையும் டையூவையும் மீட்டபோது, டையூவுக்கு எதிரே நின்று பீரங்கியால் சுட்ட ‘டெல்லி’ கப்பலின் கேப்டன் கிருஷ்ணன். பிறகு விக்ராந்துக்கே கேப்டனாக இருந்தார். அந்தக் கப்பலின் உடம்பு எப்படிப்பட்டது, எதைத் தாங்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவர் கையால் தொட்டு அறிந்தவை. 1971ல் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

விக்ராந்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டத் தொடங்கி, போர் முடிந்துவிட்டதால் பாதியில் விடப்பட்ட கப்பல் அது. இந்தியா 1957ல் வாங்கி, வேலையை முடித்து, 1961 மார்ச் 4ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் நகரில் கடற்படையில் சேர்த்தது. 1965ல் பாகிஸ்தானோடு போர் வந்தபோது அது பழுதுபார்ப்புக்காகக் கட்டிக்கிடந்தது. விக்ராந்தை மூழ்கடித்துவிட்டோம் என்று பாகிஸ்தான் தரப்பு பிரச்சாரம் செய்தது. மூழ்காத கப்பலை மூழ்கிவிட்டது என்று எதிரி சொல்கிறான், மறுத்துக் காட்டக் கப்பல் கடலில் இல்லை. அந்த மாலுமிகள் பட்ட அவமானத்தைச் சொல்லி மாளாது.

1971லும் அதே விதி திரும்ப வரும் போலிருந்தது. கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டுவிட்டது. மூன்று கொதிகலன்களை வைத்துக்கொண்டு ஓட்டினால் வேகம் குறையும். விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேகம்தான் உயிர். காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓடும்போதுதான், தளத்திலிருந்து எழும்பும் விமானத்தின் இறக்கைகளுக்கு வேண்டிய காற்று கிடைக்கும். வேகம் இல்லையென்றால், குண்டுகளைச் சுமந்த விமானம் தளத்தின் முனையைத் தாண்டியதும் கடலில் விழ நேரும். விமானங்களை உந்தி எறியும் கேடபுல்ட் கருவிக்கும் அதே நீராவிதான் வேண்டும்.

இந்த நிலையில் கப்பலைப் பத்திரமாக எங்காவது நிறுத்திவைப்பதுதான் எளிய வழி. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கடற்படைத் தலைவர் அட்மிரல் எஸ்.எம். நந்தாவும் கிருஷ்ணனும் அந்த வழியில் போகவில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா அடிப்பதுபோல, விரிசல் கண்ட கொதிகலனைச் சுற்றிப் பொறியாளர்கள் எஃகுப் பட்டைகளை இறுக்கினார்கள். விரிசல் பெரிதாகிறதா என்று நேரில் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு கண்காணிப்புச் சாளரம் அமைத்தார்கள். கொதிகலன் அறையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் முதலில் போகப்போவது அவர்கள் உயிர். மேலே பறந்த விமானிகளுக்குப் பதக்கங்கள் வந்தன, வரவேண்டியவைதான். கீழே அந்தச் சூட்டில் நின்றவர்களின் பெயரைச் சொல்ல ஆளில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு விமானம்கூட எழும்பியிருக்காது.

விக்ராந்த் ஏன் கிழக்கே அவ்வளவு தேவைப்பட்டது? வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். மேற்குப் பாகிஸ்தானுக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் நடுவே இந்தியா. 1971 தொடக்கத்திலேயே, விமானக் கடத்தல் ஒன்றைத் தொடர்ந்து, பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வழியே பறக்க இந்தியா தடை விதித்துவிட்டது. படைவீரர்களை ஏற்றிய விமானங்கள் தெற்கே சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்கா போக வேண்டியிருந்தது. கனமான தளவாடம் எல்லாம் கப்பலில்தான் போக முடியும். அந்தக் கடல்வழியை அடைத்துவிட்டால் கிழக்கே இருந்த பாகிஸ்தான் படைக்கு உள்ளே வரவும் வழியில்லை, வெளியே தப்பவும் வழியில்லை.

பாகிஸ்தானுக்கும் இது தெரியும். ஆகவே விக்ராந்தை முடித்துவிட முடிவு செய்தார்கள். அவர்களிடம் இருந்த நீர்மூழ்கிகளில் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக்கடல் வரை போய்ப் போரிடும் தூரவலிமை காஸிக்குத்தான் உண்டு. அமெரிக்காவிடமிருந்து பெற்ற, ‘டயாப்லோ’ என்ற பழைய பெயர் கொண்ட கப்பல். துருக்கியில் புதுப்பிக்கப்பட்டபோது கடலில் கண்ணிவெடி விதைக்கும் வசதியும் அதில் சேர்ந்திருந்தது. கமாண்டர் ஜாஃபர் முகமது கான் தலைமையில் 1971 நவம்பர் 14ஆம் தேதி அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

காஸி வந்துவிட்டது என்பது கிருஷ்ணனுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஓர் எண்ணெயால். சிட்டகாங்கில் இருந்த பாகிஸ்தான் கடற்படை அதிகாரிக்கு வந்த ஒரு செய்தியை நம்மவர்கள் இடைமறித்தார்கள். குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் பற்றிய விசாரணை அது. அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும்தான் பயன்படும். கிழக்கே பாகிஸ்தானுக்கு அந்த இரண்டுமே கிடையாது. அப்படியானால் ஒரு நீர்மூழ்கி வருகிறது. இவ்வளவு தூரம் வரக்கூடியது ஒன்றுதான்.

இங்கேதான் கிருஷ்ணனின் மூளை வேலை செய்தது. காஸியைத் தேடிப் பிடிக்கப் போதிய கப்பல்கள் அவரிடம் இல்லை. தேடுவதற்குப் பதிலாக, அது எங்கே வரவேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். உலகப்போர்க் காலத்து நாசகாரிக் கப்பல் ஒன்று அவரிடம் இருந்தது. பெயர் ராஜ்புத். ஓய்வு பெறும் வயதை எட்டிய கப்பல், கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். அதைத்தான் விக்ராந்தாக நடிக்க வைத்தார். விசாகப்பட்டினத்துக்கு வெளியே ஏறக்குறைய 160 மைல் தூரத்தில் போய் நின்றுகொண்டு, ஒரு பெரிய கப்பற்படை பேசுவதுபோல ராஜ்புத் ஓயாமல் வயர்லெஸ் செய்திகள் அனுப்பியது.

அதோடு விடவில்லை. விசாகப்பட்டினத்து ஒப்பந்ததாரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் பெரிய அளவில் ஆர்டர் செய்யப்பட்டன. இவ்வளவு சாப்பாடு எதற்கு என்று கடைத்தெருவில் பேச்சு எழும், அந்தப் பேச்சு போக வேண்டிய காதுக்குப் போகும் என்பது கணக்கு. சென்னைத் துறைமுகத்தில் இடம் கேட்டுப் பேசியதும் இதே கணக்கில்தான். எல்லாவற்றிலும் என்னை மிகவும் கவர்வது ஒரு தந்தி. விக்ராந்தில் பணிபுரியும் மாலுமி ஒருவர் தம் தாயின் உடல்நிலையைக் கேட்டு அனுப்புவதுபோல, சங்கேத மொழி எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒரு செய்தி கடலிலிருந்து அனுப்பப்பட்டது. தாய் மோசமான நிலையில் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று சொல்லுங்கள். போர்க்காலத்தில் இப்படி ஒரு செய்தி வெளியே போவது பெரிய பாதுகாப்பு மீறல். அந்த மீறலைத்தான் எதிரி நம்புவான் என்று கிருஷ்ணன் கண்டார். சங்கேதச் செய்தியைச் சந்தேகிக்கிறவன்கூடத் தாய்க்காகத் தவிக்கும் மகனைச் சந்தேகிக்க மாட்டான். மனிதர்களைப் படித்தவருக்குத்தான் இது தோன்றும்.

டிசம்பர் 3ஆம் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே நம் விமானத் தளங்களைத் தாக்கின. போர் தொடங்கிவிட்டது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ராஜ்புத், எரிபொருள் நிரப்பிக்கொண்டு, விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு விளக்குகள் இல்லாமல் வெளியேறியது. வழிகாட்டியை இறக்கிவிட்ட பிறகு இந்தர் சிங்குக்கு ஓர் எண்ணம் தட்டியது. நீர்மூழ்கி ஒன்று காத்திருந்தால் இந்தத் துறைமுக வாயில்தானே அதற்கு வாகான இடம்? கப்பலை முழு வேகத்தில் விரட்டினார். முன்னால் நீர்ப்பரப்பில் ஏதோ கலங்குவதைக் காவலாள் கண்டு சொன்னார். அந்த இடத்தில் நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள் இரண்டைப் போட்டுவிட்டு ராஜ்புத் தன் வழியே போயிற்று. சற்று நேரத்தில் பெரிய வெடிச்சத்தம். விசாகப்பட்டினத்தில் கரையோர வீடுகளின் சன்னல்கள் அதிர்ந்தன. நள்ளிரவு தாண்டிப் பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் நாட்டு மக்களிடம் பேசிய இரவு அது.

நீர்மூழ்கியின் சிதைவுகளை முதலில் கண்டெடுத்துக் கொடுத்தவர்கள் மீனவர்கள். பிறகு கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கி, கடல் அடியில் கிடந்தது காஸிதான் என்று உறுதி செய்தார்கள். அதில் இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களும் கடலை நம்பிப் போன வீரர்கள்தான். வீட்டில் அவர்களுக்கும் தாய் இருந்தாள். இந்தத் தொடரில் எந்தக் கொடியின் கீழ் இறந்தவரையும் நாம் வணங்காமல் கடப்பதில்லை.

காஸி எப்படி மூழ்கியது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. ராஜ்புத்தின் குண்டுகளால் என்பது இந்தியக் கடற்படையின் நிலைப்பாடு. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே மோதியிருக்கலாம், அல்லது உள்ளே விபத்து நடந்திருக்கலாம் என்கிறது பாகிஸ்தான் தரப்பு. கிழக்குப் படைத்தலைமையில் பணியாற்றிய ஜெனரல் ஜேக்கப் உட்பட இந்தியத் தரப்பிலும் ஐயம் எழுப்பியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இந்த வாதத்தில் நாம் தவறான கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். ராஜ்புத்தின் குண்டால் மூழ்கியிருந்தாலும் சரி, சொந்தக் கண்ணியால் மூழ்கியிருந்தாலும் சரி, அந்த நள்ளிரவில் காஸி ஏன் விசாகப்பட்டினத்து வாசலில் இருந்தது? விக்ராந்த் அங்கே இருக்கிறது என்று நம்பியதால். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர் கிருஷ்ணன். முதலில் சென்னைப் பக்கம், பிறகு விசாகப்பட்டினம் என்று நீர்மூழ்கி இல்லாத கப்பலைத் தேடி அலைந்த நாள்களில், உண்மையான கப்பல் அந்தமானில் நின்று போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது. குண்டு வெடித்ததும் வெடிக்காததும் அதற்குப் பின்னால் வருகிற கணக்கு.

டிசம்பர் 4ஆம் தேதி முற்பகல். ரியர் அட்மிரல் எஸ்.எச். சர்மாவின் தலைமையிலான கிழக்குப் படைப்பிரிவில், கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் செலுத்திய விக்ராந்திலிருந்து எட்டு சீஹாக் விமானங்கள் எழும்பின. காக்ஸ் பஜார் விமானத் தளம் தாக்கப்பட்டது. அன்று மாலையே சிட்டகாங் துறைமுகம். அடுத்தடுத்த நாள்களில் குல்னா, மோங்லா. ஓடுதளங்கள், எரிபொருள் கிடங்குகள், கப்பல்கள் என்று ஒவ்வொன்றாக அடிபட்டன. விரிசல் விட்ட கொதிகலனோடு, குறைந்த வேகத்தில் ஓடிய ஒரு கப்பல் கிழக்கு வங்கத்தின் கடல் வாசல்களைச் சில நாள்களில் மூடிவிட்டது. 1965ன் அவமானம் இப்படித்தான் தீர்ந்தது.

எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். டிசம்பர் 10ஆம் தேதி குல்னா அருகே, வங்க விடுதலைப் படையான முக்தி வாஹினியின் பத்மா, பலாஷ் என்ற இரண்டு பீரங்கிப் படகுகளை எதிரிப் படகுகள் என்று எண்ணி நம் விமானப்படை விமானங்களே தாக்கிவிட்டன. எரியும் பலாஷை விட்டு விலக மறுத்து உயிர் கொடுத்தவர் எஞ்சின் பிரிவு வீரர் ருஹுல் அமீன். வங்கதேசம் அவருக்குத் தன் மிக உயர்ந்த வீர விருதான ‘பீர் ஸ்ரேஷ்டோ’ வழங்கியது. போரின் கடைசி நாள்களில், பர்மாவுக்குத் தப்பும் வழியை அடைப்பதற்காகக் காக்ஸ் பஜார் கரையில் கூர்க்கா வீரர்களை இறக்கும் முயற்சியும் அவசர அவசரமாக நடந்தது. கரையின் அமைப்பைச் சரியாக ஆராயாமல் இறக்கியதால் எதிரியின் ஒரு குண்டுகூடப் படாமல் இரண்டு வீரர்கள் நீரில் மூழ்கி மாண்டார்கள். கப்பல்களைக் கொண்டு கிருஷ்ணன் சாதித்ததை இந்தத் தரையிறக்கம் குறைத்துவிடாது. ஆனாலும் இரண்டு உயிர்கள் வீணாகப் போனது போனதுதான்.

டிசம்பர் 16ஆம் தேதி மாலை டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம். அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேசையில் குனிந்து சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திடும் பாகிஸ்தானின் ஜெனரல் நியாஸி, பக்கத்தில் நம் ஜெனரல் அரோரா, பின்னால் அணிவகுத்து நிற்கும் அதிகாரிகள். கடற்படையின் வெள்ளை உடையில் நிற்பவர் கிருஷ்ணன். நியாஸி தம் பெயரை முழுதாக எழுதாமல் பாதியில் நிறுத்தியதைத் தாம் கவனித்து அரோராவிடம் சொன்னதாகவும், அதன் பிறகே நியாஸி முழுக் கையெழுத்துப் போட்டதாகவும் கிருஷ்ணன் பதிவு செய்திருக்கிறார். கிழக்கில் பாகிஸ்தான் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ரியர் அட்மிரல் ஷரீஃப் தம் கைத்துப்பாக்கியைக் கிருஷ்ணனிடம்தான் ஒப்படைத்தார்.

1972ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. கிழக்குக் கடல் போரைப் பற்றி ‘நோ வே பட் சரண்டர்’ என்ற நூலை எழுதினார். 1982ல் காலமானார். ‘எ செய்லர்ஸ் ஸ்டோரி’ என்ற தன்வரலாறு அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. ஆங்கிலம் படிக்கும் வாசகர்கள் இரண்டையும் தேடிப் படியுங்கள். நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்படையில் சேர ஆசைப்படும் பிள்ளைகளிடம் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள், தன்வரலாற்றை நூலகத்துக்கு வாங்கி வையுங்கள்.

விக்ராந்த் 1997 ஜனவரி 31ஆம் தேதி ஓய்வு பெற்றது. சில காலம் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014ல் உடைக்கப்பட்டது. அதே பெயரில் இந்தியாவிலேயே கட்டிய புதிய விமானந்தாங்கிக் கப்பல் 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கடற்படையில் சேர்ந்தது. அதைக் கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணன் தலைவராக இருந்து நடத்திய நிறுவனம் அது.

அடுத்த அத்தியாயத்தில், பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் நின்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியான மங்ரோவை விட்டுத் தப்பி வந்து, பிளாசியில் வங்க இளைஞர்களுக்கு நீரடிப் போர்ப் பயிற்சி தந்த எட்டு வங்க மாலுமிகளின் கதையைப் பார்ப்போம்.

(தொடரும்)